அந்த 5 வீதம் யாருக்கு?

ஹட்டன்வாசி:
"உங்களுக்கென்ன, நுவரெலியா கோட்டா இருக்கிறதே, குறைந்த புள்ளியிலேயே டாக்டர் ஆகிவிடுவீர்கள்" என்று கொழும்பு நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக் கணக்குப்படி. மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை இரண்டும் அதில் உண்டு. ஆனால் அந்த 5 வீதத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைக்கு எத்தனை? பட்டியலில் மாவட்டம்தான் இருக்கிறது, தோட்டம் இல்லை.

பதுளைப்பையன்:
அண்ணே, 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டு 55ஐ விட்டுவிட்டீர்கள். நான் லயத்தில் பிறந்தவன். பேராதனை பொறியியல் பீடத்துக்குப் போனது பதுளை வெட்டுப்புள்ளியால்தான், அதாவது பதுளைக்காரருக்கு இடம் கிடைக்கும் குறைந்தபட்சப் புள்ளியால்தான். கொழும்பு வெட்டுப்புள்ளி என்றால் வீட்டில்தான் இருந்திருப்பேன்.

ஹட்டன்வாசி:
சந்தோஷம் தம்பி. 12, 13ஆம் தரம், அந்த உயர்தரம் எங்கே படித்தாய்? தோட்டத்திலா, டவுனிலா?

பதுளைப்பையன்:
டவுனில். அறை எடுத்துத் தங்கிப் படித்தேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்கென்ன?

ஹட்டன்வாசி:
அதைத்தான் சொல்கிறேன். சங்கிலி இல்லாத அம்மாவின் பிள்ளை என்ன செய்யும்? எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளி 11ஆம் தரத்தோடு முடிகிறது, உயர்தரமே இல்லை. அடுத்த பள்ளி 1சி வகை, அங்கே உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் படிக்க 1ஏபி வகைப் பள்ளிக்குப் போக வேண்டும், அதற்கு பஸ் காசு, ரியூசன் காசு. முடியாத பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகிறது. கலைப்பீடத்துக்கு மாவட்டக் கணக்கே கிடையாது, அகில இலங்கைத் திறமைதான்! கோட்டா இருக்கும் விஞ்ஞானம் பள்ளியில் இல்லை. பள்ளியில் இருக்கும் கலைக்குக் கோட்டா இல்லை. இப்போது சொல், அந்த 5 வீதம் யாருக்கு?

வடமராட்சியான்:
கோட்டாவே அநியாயம். 70களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது அதே பீடத்துக்குச் சிங்களத்தில் எழுதியவரைவிடத் தமிழில் எழுதியவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. என் மாமாவின் படிப்பு அதில்தான் போனது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2023இல் ஹார்வர்ட் வழக்கில் இனம் பார்த்துச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. இந்திய வம்சாவளித் தோட்டப் பிள்ளைகளும் புள்ளி எடுத்து வரட்டும்.

ஹட்டன்வாசி:
ஐயா, உங்கள் மாமாவுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் 1948 சட்டத்தால் என் தாத்தாவுக்குக் குடியுரிமையே இல்லாமல் போனது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 70களில்தான். நீங்கள் இடம் இழந்த வரிசையில் நாங்கள் நிற்கவே இல்லை. இன்னொன்று, அந்த 16 மாவட்டப் பட்டியலில் உங்கள் யாழ்ப்பாணமும் இருக்கிறது. அதைப் பற்றி ஏன் பேச்சில்லை?

கொத்மலைக்காரி:
அதென்ன "இந்திய வம்சாவளி"? எங்கள் முன்னோர் மலையகத்துக்கு வந்த 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
பெயரில் என்ன இருக்கிறது? உங்கள் பள்ளிகளில் விஞ்ஞானம் படிப்பித்தது எங்கள் ஊர் ஆசிரியர்கள். அந்த நன்றியாவது வேண்டும்.

கொத்மலைக்காரி:
படிப்பித்தார்கள், நன்றி உண்டு. இடமாற்றம் கிடைத்ததும் போனார்கள், அதுவும் உண்டு. எங்கள் பிள்ளைகளை உதவி ஆசிரியர்களாக எடுத்தபோது கிடைத்தது சம்பளம்கூட இல்லை, சிறு கொடுப்பனவு. நானே அதில் வேலை செய்தேன்.

வடமராட்சியான்:
போனார்களா? குளிரிலும் அட்டைக்கடியிலும் பத்து வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்!

பதுளைப்பையன்:
எல்லாரும் எங்கேயோ போகிறீர்கள். அண்ணே, கோட்டாவை எடுத்துவிட்டால் இருக்கிற ஒன்றிரண்டு பேரும் போக முடியாது. அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன்வாசி:
எடுக்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டு. மாவட்டத்தைப் பார்க்காமல் பள்ளியைப் பார் என்கிறேன். தோட்டப் பள்ளிக்கென்று தனியாக ஒதுக்கு என்கிறேன். அதுவரை அந்த 5 வீதம் டவுன் பிள்ளைக்குத்தான்.

பதுளைப்பையன்:
நான் டவுன் பிள்ளை இல்லை அண்ணே. என் அம்மா இன்றைக்கும் மலையில் கொழுந்து எடுக்கிறார்.

ஹட்டன்வாசி:
உன்னைச் சொல்லவில்லை தம்பி. 5 வீதத்தைச் சொல்கிறேன்.

வடமராட்சியான்:
அட்டைக்கடிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.