புதுப்பிப்பு: துளிகள் இப்போது ஒரே அளவில் வருகின்றன

மிக நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில், நீரும் எண்ணெயும் T வடிவில் சேரும் டி-சந்திப்பில் எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் சீராக உருவாகாமல் சுவரோடு ஒட்டி இழுபடுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு விடை கிடைத்துவிட்டது. காரணம் சுவர்தான். பிடிஎம்எஸ் (ஒரு வகை சிலிகோன் ரப்பர்) சிப்பைக் கண்ணாடியோடு ஒட்ட பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) கொடுக்கும்போது அதன் மேற்பரப்பு நீரை இழுப்பதாக மாறிவிடுகிறது, அப்புறம் எண்ணெய் நனைக்க வேண்டிய சுவரை நீர் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நீரை விலக்கும் சிலேன் பூச்சு கொடுத்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், நீரின் நுனி வாய்க்காலுக்குள் நீண்டு, கழுத்து மெலிந்து, பட்டென்று அறுந்து துளியாகப் போவது அவ்வளவு அழகாகத் தெரிகிறது!

துளி அளவில் மிச்சமிருந்த ஏற்ற இறக்கம், திரவத்தைச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பினுடையது. அதிலுள்ள ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகத் தள்ளுவதால் குறைந்த ஓட்டத்தில் துடிப்பு வரும். விட்டம் சிறிய சிரிஞ்ச் போட்டதும் அடங்கியது.

சர்ஃபாக்டன்ட் (சோப்பு போலப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் சேகரிக்கும் இடத்தில் துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனால் துளியின் அளவைக் குறைக்க முதலில் எண்ணெயின் ஓட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். நீரை ரொம்பக் கூட்டினால் சந்திப்பிலேயே அறுபடாமல் தாரையாக நீண்டு ஓடும், அப்போது அளவைப் பிடிப்பது கஷ்டம்.