ஜாஸ் மெசஞ்சர்ஸ்: ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அது எப்படி ஒரே பேண்ட்?

நிலாமுற்றம்:
மூன்று வாரமாக டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் பேண்டைத்தான் கேட்கிறேன். 1958-இல் பதிவான 'மோனின்' ஆல்பம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வருட ஆல்பங்களுக்குப் போனால் சாக்ஸபோன் வேறு ஆள். 1961-க்குப் பிறகு டிரம்பெட்டும் வேறு. டிரம்ஸைத் தவிர எதுவும் நிலையாக இல்லையே, எதை வைத்து ஒரே பேண்ட் என்கிறோம்?

தாளக்கட்டை:
பதினோரு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். எனக்கு அந்த பேண்ட் பிளேக்கியின் இடது காலில் இருக்கிறது. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் இரட்டைத் தட்டு) மூடுகிற அந்த 'சிக்', யார் சோலோ (தனி வாசிப்பு) வாசித்தாலும் விடாது. அப்புறம் ஸ்னேர் டிரம்மில் பிரஸ் ரோல், அதாவது குச்சிகளை அழுத்தி விடாமல் உருட்டி வாசிப்பது. அடங்கிய இரைச்சலாகத் தொடங்கி மேலே மேலே பெருகும். அது வந்துவிட்டால் சோலோ வாசிப்பவர் அடுத்த சுற்றில் இன்னும் பலமாக வாசித்தே ஆக வேண்டும். ஆறு மாதம் அந்த ரோலை மட்டும் பயிற்சி செய்தேன். சத்தம் கூடியது, அந்த உந்துதல் வரவில்லை.

இன்னொன்று. பிளேக்கி பாட்டு எழுதும் வேலையைத் தன்னிடம் வாசித்தவர்களுக்கே விட்டார். 'மோனின்' என்ற பாட்டு, பியானோ வாசித்த பாபி டிம்மன்ஸ் எழுதியது. அதே ஆல்பத்தில் 'புளூஸ் மார்ச்' சாக்ஸபோன்காரர் பென்னி கோல்சனுடையது. அப்படிப் பழகியவர்கள் தனி பேண்ட் தொடங்குவது இயல்புதானே? கோல்சன் 1959-இல் டிரம்பெட்காரர் ஆர்ட் ஃபார்மருடன் ஜாஸ்டெட் என்ற பேண்டை அமைத்தார். சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர் 1964 வரை இங்கே இருந்துவிட்டு டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் பேண்டுக்குப் போனார், 1970-இல் கீபோர்டு வாசிக்கும் ஜோ சாவினுலுடன் வெதர் ரிப்போர்ட் பேண்டைத் தொடங்கினார்.

மூன்றாம்சுற்று:
பிளேக்கியின் இடது காலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 1956-க்கு முன் பியானோ வாசித்த ஹொரேஸ் சில்வரும் இந்த பேண்டுக்குத் தலைவர்தான். அவர் பிரிந்தபோது பெயர் பிளேக்கியிடம் தங்கியது. எனக்கு உச்சம் டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், சாக்ஸபோனில் ஷார்ட்டர், டிராம்போனில் கர்டிஸ் ஃபுல்லர் மூவரும் முன்வரிசையில் நின்ற அறுவர் குழு. 1964-இல் பதிவான 'ஃப்ரீ ஃபார் ஆல்' ஆல்பத்தைக் கேளுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். 1980-இல் டிரம்பெட்காரர் வின்டன் மார்சாலிஸ் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது, பிளேக்கிக்கு 60 தாண்டிவிட்டது.

நிலாமுற்றம்:
இன்று ரயிலில் 'மோனின்' முழுக்க ஹை-ஹாட்டை மட்டும் பின்தொடர்ந்தேன். அப்போதுதான் ஒன்று காதில் பட்டது: லீ மார்கன் டிரம்பெட்டில் கடைசியாக வாசித்துவிட்டுப் போன அதே துணுக்கைப் பிடித்துக்கொண்டுதான் கோல்சன் தன் சோலோவைத் தொடங்குகிறார். மார்கனுக்கு அப்போது 20 வயது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இனி 'ஃப்ரீ ஃபார் ஆல்', வீட்டுக்குப் போய் ஸ்பீக்கரில்.