அம்மா வீட்டு மாதக் கணக்கு

பெரியண்ணன்: அம்மா வீட்டு கரண்ட் பில் வந்துவிட்டது. 512 யூனிட்.

அக்கா: எவ்வளவு?

பெரியண்ணன்: தொகை இருக்கட்டும், விஷயத்தைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை சலுகை விலை. 500-ஐத் தாண்டினால் அந்த 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 யூனிட்டால் வந்த தண்டம் இது. இன்னொன்று, பில் வராத மாதம் பணம் மிஞ்சியதுபோலத் தெரியும். அம்மா அதை எடுத்து யாருக்காவது மொய் எழுதிவிடும். இனி மாதாமாதம் பில்லில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வீட்டு வரிக்கும் இப்படித்தான், அரையாண்டுக்கு ஒருமுறை

தம்பி: ஏசியைச் சொல்கிறீர்கள்

பெரியண்ணன்: ஏசி என்று சொன்னேனா?

தம்பி: மே மாதம் அப்பா ரூமில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் அண்ணா

நான்: அம்மா வீட்டுச் செலவுக்கு மாதம் ஆளுக்கு 4000 போடுவதை 4500 ஆக்கலாமா?

அக்கா: ஜூன் வரை என்னால் முடியாது. ஸ்கூல் ஃபீஸ்

அக்கா: அம்மா, ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. வாங்குகிறாயா இல்லையா?

அம்மா: பருப்பு வாங்குகிறேன். பாமாயிலில் அப்பளம் பொரித்தால் உங்கள் அப்பா தட்டைத் தள்ளிவிடுகிறார்

சித்தப்பா: அண்ணனுக்கு மூக்கு அப்படி

சித்தப்பா: அண்ணிக்கு மகளிர் உரிமைத்தொகை 1000 வருகிறதே, சேர்த்தீர்களா?

அம்மா: அது என் காசு. யாரும் கணக்கில் எழுத வேண்டாம்

அக்கா: அப்படிப் போடு

சித்தப்பா: அதற்கும் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு அண்ணி. ஒரு பில்லுக்கு 600. வெயில் காலம் இனிமேல்தான்

அம்மா: ஏசியை ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் போதும்

பெரியண்ணன்: இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்

தம்பி: தோப்புக் குத்தகைப் பணத்தையும் கணக்கில் காட்டினால் நன்றாக இருக்கும்

பெரியண்ணன்: அதை நேரில் பேசலாம்

அக்கா: மூன்று வருஷமாக நேரில்தான்

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு யார் காரில் இடம் இருக்கிறது?

நான்: என் காரில் இரண்டு பேர் வரலாம். அப்புறம், 4000-ஆ 4500-ஆ?

பெரியண்ணன்: இப்போதைக்கு 4000. பில்லை நான் கட்டிவிடுகிறேன், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்

தம்பி: குத்தகையில் கழித்துக்கொள்ளுங்கள்

அம்மா: வளைகாப்புக்கு வரும்போது யாராவது இரண்டு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் வாங்கி வாருங்கள்

சித்தப்பா: கார் எத்தனை மணிக்கு?