40 குதிரைவலு எஞ்சின் செய்யிற செலவு: எதில குறைக்கலாம், எதில கூடாது

குருநகர்த்துறை:
யமஹா எண்டூரோ 40, வள்ளத்தின்ரை பின்பக்கம் கொழுவிற எஞ்சின். இரண்டு சிலிண்டர், 703 சிசி, பெற்றோல். மேல் சிலிண்டர்ல பிஸ்டன் இறுகிப் பிடிச்சிட்டுது. ஒரு பட்டறை பிஸ்டன், ரிங், போர் (சிலிண்டர் உள்ளைக் கடைஞ்சு பெருப்பிக்கிறது) மட்டும் எண்டு விலை சொல்லுது. இன்னொரு பட்டறை கிராங்க், சீல், வோட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து இரண்டு மடங்குக்கு மேல கேக்குது. எஞ்சின் வேலை தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

லேத்தடி:
விலையை விடுங்கோ. முதல்ல அந்தப் பிஸ்டனைக் கையில வாங்கிப் பாருங்கோ. எக்சோஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தா ஒண்டு சூடு, இல்லாட்டி கலவையில பெற்றோல் காணாது. சுத்திவர நாலு இடத்தில கீறல் எண்டால் தண்ணி ஓடேல்லை, அல்லது முந்திப் போர் அடிச்சவர் இடைவெளி காணாமல் விட்டிருக்கிறார். பெயரிங்கும் காய்ஞ்சு நீலம் பாரிச்சிருந்தா ஒயில் குறைவு. பிஸ்டன் தலையில ஓட்டை, அல்லது விளிம்பு எலி கடிச்ச மாதிரி எண்டால் அது நொக்கிங், கலவை முறைகெட்டு வெடிக்கிறது.

உங்களுக்கு மேல் சிலிண்டர் மட்டும் போயிருக்கு. அப்ப மேல் ஒயில் சீலையும் தண்ணிப் பாதையையும்தான் சந்தேகப்படோணும். சீல் தேய்ஞ்சால் அதுக்கால காத்து இழுத்துக் கலவை மெலியும். தண்ணி குறைஞ்சால் ஆவி போய்த் தங்கிறதும் மேலதான். ஏன் பிடிச்சதெண்டு சொல்லாமல் பிஸ்டன் விலையை மட்டும் சொல்லுற பட்டறைக்குக் குடுக்காதேங்கோ.

இனிப் போர். இதின்ரை அளவு 80 மி.மீ. பெருப்பிச்ச பிஸ்டன் 0.25, 0.50 எண்டு வரும். பிஸ்டனை முதல்ல வாங்கி, மைக்ரோமீற்றரால அளந்து, அந்த அளவோடை கைநூல்ல சொல்லியிருக்கிற இடைவெளியைக் கூட்டித்தான் போர் அடிக்கோணும். "இப்ப 0.50 அடிச்சு வைப்பம், பிஸ்டன் கொழும்பில இருந்து வரட்டும்" எண்டு சொன்னால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்திடுங்கோ. மேல், நடு, கீழ் எண்டு மூண்டு இடத்தில, நேராயும் குறுக்காயும் அளக்கோணும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.08 மி.மீ., வட்டம் கெட்டது 0.05 மி.மீ. தாண்டியிருந்தால் ரிங் மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை.

போர் அடிச்சாப்பிறகு போர்ட் (சிலிண்டர் சுவரில காத்தும் புகையும் போய்வாற வாய்) விளிம்பெல்லாம் கூராய் நிக்கும். அதைச் சின்னக் கல்லால மழுக்கோணும். கன பேர் விடுறது இந்தப் பத்து நிமிச வேலையைத்தான். விட்டால் ரிங் அதில கொழுவி முறிஞ்சு, புதுப் போரும் போச்சு, புதுப் பிஸ்டனும் போச்சு. ஹோன் பண்ணின (போரைக் கல்லால தேய்ச்சு மட்டமாக்கின) தூள் பெற்றோலுக்கோ மண்ணெண்ணெய்க்கோ போகாது. சுடுதண்ணியும் சவர்க்காரத் தூளும் போட்டு பிரஷால தேயுங்கோ. வெள்ளைத் துணியால துடைக்கத் துணி சாம்பல் நிறமாகாமல் வருமட்டும் கழுவோணும். உடனே ஒயில் பூசுங்கோ, எங்கடை உப்புக்காத்து பாத்துக்கொண்டிராது.

பூட்டேக்க ரிங்கின்ரை வாய் காடியில இருக்கிற சின்ன முளையில இருக்கோணும். பிஸ்டன் தலையில உள்ள "அப்" அடையாளம் பிளைவீல் பக்கம். பிஸ்டனைக் கோக்கிற பின் கழராமல் போடுற சேர்கிளிப்பில பழசே வேண்டாம்.

பாசையூர் பரவை:
தண்ணிப் பாதை எண்டு சொன்னபடியால் ஒரு விசயம். பரவைக்கடல்ல ஓடுற எஞ்சினுக்கும், மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் ஆழக்கடல்ல ஓடுற எஞ்சினுக்கும் வருத்தம் வேறை. இஞ்ச சேறும் சாதாளையும். இம்பெலர் (வோட்டர் பம்புக்குள்ள தண்ணி தள்ளுற றப்பர் சக்கரம்) வருசத்துக்கு ஒருக்காலாவது மாத்தோணும். கழட்டேக்க பழைய இம்பெலர்ல எத்தினை இதழ் குறையுதெண்டு எண்ணுங்கோ. குறைஞ்ச துண்டு எங்கயோ ஒரு பாதையில இறுகிக் கிடக்கு. அதை எடுக்காமல் புது இம்பெலர் போட்டால் வெளியில ஊத்திற தண்ணி நல்லாத்தான் வரும், மேல் சிலிண்டருக்கு மட்டும் போகாது.

எக்சோஸ்ட் மூடியைக் கழட்டி உள்ளுக்கை பாக்காமல் எஞ்சின் செய்தது எண்டு சொல்லேலாது. உப்பு கல்லாய் இறுகியிருக்கும். வினாகிரியில ஊற வைச்சுச் சுரண்டுங்கோ; கக்கூஸ் கழுவிற அசிட் அலுமினியத்தைத் தின்னும். மூடிப் போல்ற் முறியிறதுதான் பட்டறைக்காரருக்குப் பெரிய தலையிடி. உருக்கு போல்ற்றும் அலுமினியமும் உப்புத்தண்ணியில அரிச்சு ஒட்டிப் போகும். காஸால சூடாக்கி, தட்டித் தட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்போணும். முறிஞ்சால் நடுவில துளைச்சு எடுத்து ஹெலிகொயில் (புது மரைக்குப் போடுற கம்பிச் சுருள்) போடலாம். கூலி ஏறுறது இதிலதான், அதால "போல்ற் முறிஞ்சால் எவ்வளவு" எண்டு முதலே கேட்டு வையுங்கோ. திரும்பப் பூட்டேக்க மரீன் கிறீஸ் பூசி, நடுவில இருந்து வெளியால, இரண்டு தரமாய் டோர்க் றெஞ்சால இறுக்கோணும்.

ஊர்காவற்றுறை:
கிராங்க் மாத்துறதா இல்லையா எண்டதை அளந்துதான் சொல்லோணும். கொன்றொட்டின்ரை (பிஸ்டனையும் கிராங்கையும் தொடுக்கிற தண்டு) சின்ன முனையைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டினால் 2 மி.மீ. தாண்டக் கூடாது. கிராங்கை வீ பிளொக்கில வைச்சு டயல் கேஜ் பிடிச்சால் வளைவு 0.03 மி.மீ.க்குள்ள நிக்கோணும். ரெண்டும் சரி, ஊசிப் பெயரிங்கில துருப்புள்ளியும் இல்லையெண்டால் பழைய கிராங்கே காணும். ரெண்டாவது பட்டறையின்ரை விலை அதோடை கனக்க இறங்கும். வள்ளம் கவிண்டு கடலுக்கை போன எஞ்சின் எண்டால் மட்டும் பெயரிங்கை நம்பாதேங்கோ.

அதுக்காக முதல் பட்டறை சொன்னதும் சரியில்லை. பிஸ்டன் பிடிச்சால் அலுமினியப் பொடி கிராங் கேசுக்கை இறங்கும். கேசைப் பிரிச்சுக் கழுவத்தான் வேணும். பிரிச்சால் மேல் சீலும் கீழ்ச் சீலும் புதுசாய்ப் போடுங்கோ. பூட்டினாப்பிறகு போர்ட்டுகளை அடைச்சு அரை பார் காத்து ஏத்தி, சவர்க்காரத் தண்ணி பூசிப் பாக்கிறவர் நல்ல வேலைக்காரர்.

காரைநகர் 40:
2022 மார்ச்சில ரூபாய் விழுந்தாப்பிறகு ஒறிஜினல் சாமான் விலை கைக்கு எட்டாது, உண்மை. கொப்பி சாமான் எல்லாத்தையும் தள்ளவும் ஏலாது. கஸ்கட், இம்பெலர், வெளி போல்ற் கொப்பி எண்டாலும் ஓடும். பிஸ்டன், ரிங், சின்ன முனை ஊசிப் பெயரிங், ஒயில் சீல் நாலிலயும் வேண்டாம். பெட்டியைப் பாத்து ஏமாறாமல் கடையிலயே ரெண்டு பிஸ்டனையும் தராசில வைச்சுப் பாருங்கோ, நிறை வித்தியாசம் கண்டால் திருப்பிக் குடுங்கோ.

லேத்தடி:
சரி. ஆனால் கஸ்கட்டில ஹெட் கஸ்கட் சேராது. அது ஒறிஜினல்.

மாதகல் சோளகம்:
ஹெட்டைச் (சிலிண்டர் மூடி) சீவி வேகம் கூட்டித் தாறம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். தொழிலுக்குப் போற எஞ்சினுக்கு அது கூடாது. கொம்பிரெசன் ஏறினால் 92 பெற்றோல்ல, பாரத்தோடை, முழு அக்சிலேற்றர்ல நொக்கிங் வரும். பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கலந்தாலும் அதே கதை. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340 ஆனபோது அதில இருந்த லாபமும் குறைஞ்சு போச்சு.

வேகம் வேணுமெண்டால் புறொப்பெல்லரைப் பாருங்கோ. வலையும் ஆக்களும் ஏத்தின பாரத்தோடை முழு அக்சிலேற்றர்ல எஞ்சின் நிமிசத்துக்கு 4500க்கும் 5500க்கும் இடையில சுத்தோணும். 4500க்குக் கீழ எண்டால் புறொப்பெல்லரின்ரை பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால போகவேண்டிய தூரம்) கூடிப்போச்சு. ஒரு அங்குலம் குறைச்சால் 150, 200 சுத்து ஏறும். பிளக் வயர்ல சுத்திற மலிவான டக்கோமீற்றர் காணும்.

ஊர்காவற்றுறை:
பூட்டி முடிஞ்சாப்பிறகு ஓடப்பழக்கிறது பத்து மணித்தியாலம். முதல் 10 நிமிசம் ஐடிலிங். அடுத்த 50 நிமிசம் அரை அக்சிலேற்றருக்கு மேல வேண்டாம். இரண்டாம் மணித்தியாலம் முக்கால். மிச்ச எட்டு மணித்தியாலமும் எந்த வேகத்திலயும் ஓடலாம், முழு அக்சிலேற்றரை ஒரேயடியா ஐஞ்சு நிமிசத்துக்கு மேல பிடிக்கக் கூடாது. அது முடியுமட்டும் பெற்றோலோடை கலக்கிற ஒயில் 25க்கு 1, லீற்றருக்கு 40 மில்லி. பிறகு 50க்கு 1, லீற்றருக்கு 20. ரிசி டபிள்யூ 3 (TC-W3) எண்டு போட்ட ஒயில்தான். மோட்டச்சைக்கிள் டூ ரி ஒயில் காத்தில குளிருற எஞ்சினுக்கு.

குருநகர்த்துறை:
அப்ப 25 லீற்றர் கானுக்கு?

ஊர்காவற்றுறை:
பழக்கேக்க ஒரு லீற்றர். பிறகு அரை. ஒயிலை முதல்ல விட்டு, மேல பெற்றோலை விடுங்கோ, நல்லாக் கலக்கும்.