என் வயதுப் பையன்களே என் சொல்லைக் கேட்பதில்லை, என்ன செய்யலாம்?

கேத்தி கேடட்:
வணக்கம். ஊட்டியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்.சி.சி.யில் போன மாதம்தான் அண்டர் ஆபீசர் ராங்க் கிடைத்தது. என் பொறுப்பில் 32 பேர். குடியரசு தினத்துக்காகக் காலை ஆறரைக்கே பரேடு. இந்த டிசம்பரில் புல் முழுக்க உறைபனி, பூட்ஸ் நனைந்து கால் மரத்துப்போகிறது. ஐந்தாறு பேர் தினமும் லேட். நான் ‘சாவ்தான்’ (அட்டென்ஷன்) சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு. போன வருஷம் வரை என்னோடு உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டவர்கள்தான்.

போன வாரம் கோபத்தில், லேட்டாக வந்த ஒருவனை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் ஓடி முடித்தான். மறுநாளிலிருந்து வரவில்லை. டிரில்லில் எங்களில் அவனுக்குத்தான் கால் சுத்தமாக விழும். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது என்.சி.சி.யின் முழக்கம். ஒழுக்கத்தைப் பிடிக்கப்போய் ஒற்றுமையை உடைத்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வெலிங்டன்:
தம்பி, முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போ. போன் பண்ணாதே, நேரில் போ.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ரெக்ரூட்டுகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவன். ஒருவன் எப்போதும் காலைத் தப்பாகவே வைப்பான். திமிர் என்று நினைத்து இரண்டு வாரம் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். ஒரு சைஸ் சின்னது. கட்டைவிரல் நகம் பாதி கழன்று ரத்தம் கட்டியிருந்தது. வலி என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை அவன். அந்த நகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓட்டத்தைத் தண்டனையாக்காதே. நாளைக்கு கேம்ப்பில் அவர்கள் ஆசையாக ஓட வேண்டாமா? பெரிய தப்பு என்றால் ஏ.என்.ஓ.விடம், அதான் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கல்லூரி ஆசிரியரிடம், கொண்டுபோ.

மானெக்‌ஷா சாரை, நம் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவரை, நம்ம ஊட்டியில்தானே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1942-ல் பர்மாவில் சிட்டாங் சண்டையில் அவர் குண்டடிபட்டு விழுந்தபோது, தூக்கிக்கொண்டு போனவர் அவருக்கு உதவியாளாக இருந்த சிப்பாய், ஆர்டர்லி ஷேர் சிங். தண்டனைக்குப் பயந்தவன் அந்த நேரத்தில் ஓடி ஒளிந்திருப்பான்.

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா சொன்னது சரி. பின்வரிசைச் சிரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உளவியல் பாடம் எடுப்பவள் நான். 1979-ல் அமெரிக்காவில் லதானே என்ற உளவியலாளரும் அவரோடு இருவரும் மாணவர்களைக் கத்தச் சொல்லியும் கைதட்டச் சொல்லியும் சத்தத்தை அளந்தார்கள். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் சத்தம் குறைந்தது. தன் சத்தத்தைத் தனியாக அளக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் குறைவு இல்லை என்று பின்னால் செய்த சோதனையில் தெரிந்தது.

32 பேருக்குள் ஒளிந்துகொள்வது சுலபம், தம்பி. எட்டெட்டுப் பேராகப் பிரியுங்கள். முறைவைத்து எல்லோரும் கமாண்டு கொடுக்கட்டும். சிரிக்கிற பையனுக்கே முதல் முறை. ஆனால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி, தனியாகக் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் அவன் தடுமாறினால் உங்களைப் பழிவாங்கியவராகத்தான் பார்ப்பான்.

கேத்தி கேடட்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவுக்கு டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். பாட்டி படுத்த படுக்கை. அம்மா வந்து சேரும்வரை பாட்டியை விட்டு அவனால் கிளம்ப முடியாது. மூன்று வருஷமாக ஒரே வகுப்பு, எனக்கு இது தெரியாது. ஏ.என்.ஓ.விடம் சொன்னேன், ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று அனுமதி கொடுத்தார். எல்லோர் முன்னாலும் ஓடவைத்தேன், அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு “சரி விடுடா” என்றான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியை சொன்னபடி எட்டெட்டுப் பேராகப் பிரித்தோம். பின்வரிசைக்காரன் இரண்டு சாயங்காலம் என்னோடு நின்று பழகினான். ‘தேஸ் சல்’ (குயிக் மார்ச்) கொடுக்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் எட்டுப் பேரும் ஒரே காலில் கிளம்பினார்கள்.

இன்னும் இரண்டு பேர் லேட்டாகத்தான் வருகிறார்கள். ஒருவன் மஞ்சூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன்.