கம்பஸடி ஒழுங்கையளில றூம் எடுத்திருக்கிற பிள்ளையளை எங்கட சனசமூக நிலையத்தில எப்பிடிச் சேர்க்கிறது?

ஒழுங்கைவாசி:

வணக்கம் எல்லாருக்கும். நான் திருநெல்வேலி, பரமேஸ்வராச் சந்தியில இருந்து நடந்து போற தூரத்தில இருக்கிறன். எங்கட ஒழுங்கையில இப்ப வீட்டுக்கு வீடு கம்பஸ் பிள்ளையள் தான், முன்னுக்கு வீட்டுக்காரர், பின்னுக்கு நாலு றூம், மேல தட்டு போட்டு இன்னும் ரெண்டு, சில வளவில வீட்டுக்காரர் கனடாவில, பார்க்கிறதுக்கு ஒரு ஆள் மட்டும். பிள்ளையள் இஞ்ச தங்கிப் படிக்கிறது புதிசில்லை, 1974இல பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில யாழ்ப்பாண வளாகம், இப்பத்தைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், துவங்கின நாளில இருந்து நடக்கிறது தான். ஆனா முந்தி வந்தவை வீட்டோட இருந்து, அந்த வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டு, கோயில் திருவிழாவில எங்கட பொடியளோட நிண்டு வேலை செய்தவை. இப்ப தனி வாசல், தனி கேற், சாப்பாடு கடையில. நாலு வருசம் இருந்திட்டுப் போற பிள்ளையின்ர பேர் முன்வீட்டுக்குத் தெரியாது.

அதே ஒழுங்கை முடியிற இடத்தில எங்கட சனசமூக நிலையம் இருக்கு. மேசை, கதிரை, லைற், ஃபான் எல்லாம் இருக்கு, பின்னேரம் திறந்தா வயசான நாலஞ்சு பேர் உதயன், வலம்புரிப் பேப்பருகளைப் பார்த்திட்டுப் போவினம், ஏழு மணிக்குப் பூட்டு. சோதினை நேரம் பிள்ளையள் றூம் வாசல்படியில குந்திக்கொண்டு இருந்து படிக்கிறதைப் பார்க்க எனக்கு மனம் கேக்கேல்லை. நிர்வாகக் கூட்டத்தில கதைச்சன், "நாளைக்குப் போறவைக்கு நாங்கள் ஏன் திறந்து விடவேணும்" எண்டு ஒரு பகுதி, "யாப்பில நிரந்தர வதிவாளர் எண்டு தான் கிடக்கு" எண்டு இன்னொரு பகுதி. மாரியும் வரப்போகுது, வாய்க்கால் மண் மூடிக் கிடக்கு, சிரமதானத்துக்குக் கூப்பிட ஊரில இளம் ஆக்கள் இல்லை, இருக்கிற இளம் ஆக்கள் எல்லாம் றூமில தான்.

கொக்குவில், கொண்டாவில், மருதனார்மடம், கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கம் ஆராவது இப்பிடிச் செய்து பார்த்தனீங்களோ? எங்கயிருந்து துவங்கிறது?

பழைய_செயலாளர்:

தம்பி, நான் கொக்குவில் பக்கத்து நிலையம் ஒண்டில கனகாலம் செயலாளரா இருந்தனான். உங்கட ஆக்கள் "நாளைக்குப் போறவை" எண்டு சொல்லுறதைக் கோவமா எடுக்காதேங்கோ, உள்ளுக்க வேற பயம் கிடக்கு. அந்தக் காணி ஆரோ ஊரவர் தர்மமாக் குடுத்தது, கட்டிடம் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளின்ர காசில எழும்பினது, வெளியாக்கள் உறுப்பினரா வந்து பொதுக்கூட்டத்தில கையுயர்த்தி நிர்வாகத்தை மாத்திப்போட்டா காணி என்னாகும் எண்டது தான் அந்தப் பயம். அதுக்கு விடை சொல்லாம "பிள்ளையள் பாவம்" எண்டு மட்டும் கதைச்சா ஒருத்தரும் ஓம் எண்டமாட்டினம்.

நாங்கள் செய்தது இணை உறுப்பினர் எண்டு ஒரு பிரிவு. வருசச் சந்தா சின்னத்தொகை, கம்பஸ் அடையாள அட்டைப் பிரதி, றூம் குடுத்த வீட்டுக்காரரின்ர ஒப்பம். வாசிகசாலையும் மண்டபமும் பாவிக்கலாம், கூட்டத்தில இருந்து கதைக்கலாம், ஆனா காணி, காசு, நிர்வாகத் தெரிவு எண்ட மூண்டிலயும் வாக்கில்லை. நிர்வாகத்தில அவையின்ர பிரதிநிதி ஒருத்தர், ஒரு பெடியன் எண்டா அடுத்த வருசம் ஒரு பெட்டை. யாப்பை மாத்த பொதுச்சபையைக் கூட்டி அறிவித்தல் குடுத்துத் தான் செய்யவேணும், முதல்ல பிரதேச சபையில இருக்கிற சமூக அபிவிருத்தி உத்தியோகத்தரிட்டை ஒருக்கா வரைவைக் காட்டுங்கோ, பிறகு ஆரும் பிழை பிடிக்க ஏலாது. மின்சாரக் காசு கூடும், அதையும் சந்தாவில சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

மூணாம்_வருசம்:

அண்ணா வணக்கம், நான் ஹட்டன் பக்கம், கலைப்பீடத்துல படிக்கிறேன். உங்க கேள்விய பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. எங்க ரூம்ல மூணு பேரு, ஒரு மேசை. லைப்ரரி மூடுன பிறகு எங்க போறது? இராத்திரி பத்து மணி வரைக்கும் ஒரு இடம் திறந்திருந்தா போதும், வேற எதுவும் கேக்கல. பொம்பளப் பிள்ளைங்க வரணும்னா ஒழுங்கையில லைட் எரியணும், அது இல்லாம மண்டபத்த திறந்து வச்சாலும் அவங்க வரமாட்டாங்க, அதனால மொதல்ல லைட்டுக்கு எழுதிப் போடுங்க.

இன்னொண்ணு சொல்லணும். எங்க வாக்கு எல்லாம் ஊர்ல. இங்க பிரதேச சபைக்கு 2025 மே மாசம் எலெக்சன் நடந்தப்ப வாக்குக் கேட்டு ஒழுங்கைக்கு வந்தவங்க எங்க ரூம் பக்கம் திரும்பிக்கூட பாக்கல, அதுல தப்பு சொல்ல முடியாது, எங்களுக்கு இங்க வாக்கு இல்லையே. ஆனா குப்பை எங்களோடதும் தான், தண்ணி நாங்களும் தான் இறைக்கிறோம். அப்போ எங்க சார்பா யாரு பேசுவாங்க? நீங்க எங்கள நிலையத்துல சேத்துக்கிட்டா, நிலையம் கொடுக்கிற கடிதத்துல எங்க கதையும் இருக்கும். எங்களால குடுக்க முடிஞ்சதும் இருக்கு, சனிக்கிழமையில ஓ.எல் பிள்ளைங்களுக்கு கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் குடுக்க நாலு பேரு இப்பவே ரெடி. சிங்களப் பிள்ளைங்களும் பக்கத்து வீட்டுல இருக்காங்க, தமிழ் பேசிப் பழக ஆசைப்படுறாங்க, பேசுறதுக்குத்தான் ஆள் இல்ல.

கொண்டாவில்_அக்கா:

நானும் றூம் வாடகைக்கு விடுறன், அதால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு எண்டு நினைக்கிறன். எல்லாரும் வாசிகசாலையைக் கதைக்கிறியள், நல்லது, ஆனா முதல் கூட்டத்தில கிணத்தைப் பற்றிக் கதையுங்கோ. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டுமில்லை, வழுக்கையாறும் மாரியில தான் ஓடும். மழைத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்க இறங்கி நிக்கிறதைத் தான் நாங்கள் குடிக்கிறம். அந்தக் கல்லில வெடிப்பும் பொந்தும், மழைத் தண்ணி இறங்கிற அதே வழியால கக்கூசுக் குழித் தண்ணியும் இறங்கும். ஒரு குடும்பத்துக்கு எண்டு வெட்டின குழி, இப்ப பதினைஞ்சு பேர் பாவிக்கினம். ரெண்டு பரப்புக் காணியில, அதாவது 20 பேர்ச்சில, வீடு, அனெக்ஸ், குழி, கிணறு எல்லாம் இருந்தா குழியைக் கிணத்துக்கு எட்ட வைக்க எங்க இடம்? பக்கத்து வீட்டுக் கிணறு எங்கட மதிலுக்கு அங்கால தான்.

கொதிக்க வைச்சுக் குடிக்கிறம் எண்டு கனபேர் சொல்லுவினம். கிருமிக்கு அது சரி, குழித் தண்ணியோட கிணத்துக்க வாற நைத்திரேற்று எண்ட உப்புக்குச் சரிவராது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தி அது இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பால்மா கரைச்சுக் குடுக்கிற கைக்குழந்தை இருக்கிற வீடு எண்டா கட்டாயம் தண்ணியைப் பரிசோதிச்சுப் பார்க்கவேணும். தாளையடியில 2024இல கடல்தண்ணியைச் சுத்திகரிக்கிற நிலையம் திறந்தாச்சு, நாளுக்கு 24,000 கன மீற்றர், குழாய்த் தண்ணி வருது எண்டு ஆறுதல் தான், ஆனா தண்ணி கூட வந்தா கூடத்தான் ஊத்துவம், அதுவும் அதே குழிக்குள்ள தான் போகும். அடி சீமெந்து போடாத குழியளை மூடித் தொட்டி கட்டவேணும், நிரம்ப முதல் கழிவு இழுக்கிற பவுசர் வண்டியைக் கூப்பிட்டு இழுக்கவேணும், செலவு வீட்டுக்காரர் தான் பார்க்கவேணும். வாடகை எடுக்கிறது நாங்கள் தானே. வருசக் கடைசியில சபை வரவுசெலவுத் திட்டம் போடுறதுக்கு முதல், வாய்க்கால், தெருலைற், பவுசர் மூண்டையும் ஒரே கடிதத்தில கேளுங்கோ. கம்பஸில இதைப் படிச்ச பிள்ளையள் இருக்கினம், கிணத்துத் தண்ணி எடுத்துப் பரிசோதிக்க அவை உதவி செய்தா அந்தக் கடிதத்துக்குப் பலம் கூடும்.

மேல்வீடு:

எல்லாம் சரி, பத்து மணி வரைக்கும் திறந்து வைச்சா திறப்பு ஆரிட்டை? பக்கத்தில நோயாளியள் இருக்கிற வீடுகள் இருக்கு. பெட்டையளும் வந்து படிப்பினம் எண்டா பொறுப்பான ஆள் ஒருத்தர் நிண்டாகவேணும். இதை முதல்லயே எழுதி வையுங்கோ.

ஒழுங்கைவாசி:

எல்லாருக்கும் நன்றி. மேல்வீடு சொன்னது நியாயம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருத்தர் ஒழுங்கையில இருக்கிறார், அவரிட்டைத் திறப்பைக் குடுக்கக் கேக்கப்போறன், அவருக்கும் இரவில கதைக்க ஆள் கிடைக்கும். அக்கா, கிணத்துக் கதையை நான் யோசிக்கவே இல்லை, அதையே முதல் விசயமா வைக்கிறன், ஏனெண்டா காணிக்குப் பயப்பிடுற ஆக்களுக்கும் குடிக்கிற தண்ணி வேணும் தானே. தம்பி, நீங்கள் நாலு பேரும் ஞாயிறு பின்னேரம் ஒருக்கா நிலையத்துக்கு வாங்கோ, உங்கட வாயால சொன்னாத் தான் எங்கட ஆக்கள் கேப்பினம். ஐயா, உங்கட யாப்பில இணை உறுப்பினருக்கு எழுதின வசனத்தைப் படம் எடுத்துப் போட ஏலுமோ? அதுக்கு முதல் வரைவை அடிச்சு வைக்கப் பார்க்கிறன்.