மாமாவின் நீலப் புட்டி: பழைய போலோ ஸ்போர்ட்டை எப்படிக் காப்பது?

பாளையங்கோட்டைக்காரன்:
சென்ற வாரம் அம்மாவின் இரும்புப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் மாமாவின் போலோ ஸ்போர்ட் வாசனைத் திரவியம் கிடைத்தது. ரால்ஃப் லாரன் 1994-இல் வெளியிட்ட அதே நீலப் புட்டி, கால் பங்கு மிச்சம். துபாயிலிருந்து கொண்டுவந்தது. வ.உ.சி. மைதானத்தில் ஓடிவிட்டு வந்து, குளித்து, கழுத்தில் இரண்டு முறை அடித்துக்கொண்டு, என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து ஜங்ஷனுக்கு அழைத்துப்போவார். அவர் தவறிப்போய் ஒன்பது ஆண்டுகள். மணிக்கட்டில் அடித்ததும் நகப்பூச்சு போல ஒரு நெடி. பத்து நிமிடத்தில் மாமா வந்துவிட்டார். அந்த நெடி ஏன்? மிச்சத்தை எப்படிக் காப்பது?

தச்சநல்லூரான்:
அண்ணாச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள்தான் காற்றுப்பட்டு முதலில் கெடும். அடியில் தங்கும் மரவாசமும் கஸ்தூரியும் நெடுநாள் நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். பீரோவிலேயே நிமிர்த்தி வையுங்கள். வேறு புட்டிக்கு மாற்றாதீர்கள், காற்று புகுந்துவிடும்.

வள்ளியூர்:
என் அப்பாவுக்கு ஓல்ட் ஸ்பைஸ். சவரம் முடித்துக் கன்னத்தில் தட்டும் சத்தத்தில்தான் நாங்கள் விழிப்போம். கப்பல் படம் போட்ட அந்த வெள்ளைப் புட்டியைக் காலியான பிறகும் மூடியோடு வைத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. பீரோவிலேயே வைத்துவிட்டேன். நேற்று அம்மா சேலை எடுக்கும்போது சற்று நின்று, “தம்பி வாசம்” என்றார்.